மந்தமான கணினியும் மறைந்து கிடக்கும் கருவிகளும்

இக்காலத்துக் கல்லூரி மாணாக்கருள் கணினியைக் கையாளாதார் மிக அரியர். கட்டுரை வரைவதும், நூல் தேடுவதும், ஆசிரியர் பணித்த வேலையை அனுப்புவதும், நண்பரொடு அளவளாவுவதும் இன்று அதன் வாயிலாகவே நிகழ்கின்றன. அங்ஙனமிருந்தும், அக்கணினி சிறிது மந்தமாயிற்றெனின் நம்மிற் பெரும்பாலார் செய்யுஞ் செயல் வியப்புக்குரியது. சிலர் அதனை வைதுகொண்டே அணைத்து மீண்டும் எழுப்புவர். சிலர், 'உமது கணினியை நொடியில் விரைவாக்குவோம்' என்று பறைசாற்றும் ஏதோவொரு மென்பொருளை இணையத்தினின்றும் இறக்கி நிறுவுவர். எஞ்சியோர் பழுதுபார்க்குங் கடைக்குத் தூக்கிச் செல்வர். ஆண்டும் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய் ஏற்றவேண்டும்' என்பது. அன்றேல், 'இது பழையதாயிற்று, வேறு வாங்கிக் கொள்க' என்பது. இவர்களுள் ஒருவரேனும் நோய் யாதென்று வினவுவதில்லை என்பதே என் குறை.

நோயை வினவுதற்கு வேண்டிய கருவிகளோ கணினிக்குள்ளேயே கிடக்கின்றன. அவற்றுக்கு விலையில்லை, இறக்குமதி வேண்டா, எவரிடத்தும் இசைவு பெறவும் வேண்டா. ஆயினும் அவற்றைத் திறந்து பார்த்தோர் நம் விடுதியில் எத்துணைப் பேர் என்று எண்ணப் புகுந்தால் இரண்டு கை விரல்களே மிகையாகும். 'தமிழ் ஆனர்ஸ் பயிலும் நினக்கு இவ்விஷயத்தில் யாது வேலை?' என்று விஞ்ஞான வகுப்பு அன்பர்கள் நகைக்கக்கூடும். ஏட்டுச் சுவடிகளின் நிழற்படங்களையும் பெரிய அகராதிகளையும் ஒருங்கே திறந்துவைத்துக்கொண்டு பாட வேறுபாடு நோக்குவோர்க்கே கணினியின் சோர்வு முதலில் தெரியவரும் என்பது அவர்கட்கு என் மறுமொழி.

நிற்க. இக்கருவிகள் தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பலர் ஒருங்கிருந்து ஒரே பெருங்கணினியைப் பகிர்ந்து கையாண்ட காலத்தில், அதனை எவருடைய வேலை விழுங்குகின்றது என்றறிய வேண்டிய தேவை எழுந்தது. யூனிக்ஸ் கணினிகளுக்காக 1984-ஆம் ஆண்டில் வில்லியம் லெஃபீவர் என்பார் 'டாப்' என்னுஞ் சிறு நிரலை இயற்றினார். அந்நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுள் மிகுதியாக உழைப்பை உண்பனவற்றை மேலே நிறுத்தி, சில விநாடிகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் காட்டுவதே அதன் தொழில். இன்றும் லினக்ஸ் கணினிகளில் அப்பெயரைத் தட்டினால் அவ்வரிசை வந்து நிற்கும். விண்டோஸ் குடும்பத்தில், 1993-இல் வெளிவந்த என்டி 3.1 பதிப்பிலேயே வரைபடங் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் இருந்தது. பொதுமக்கள் நன்கறிந்த டாஸ்க் மேனேஜரோ 1996-ஆம் ஆண்டின் என்டி 4.0 பதிப்போடு வந்தது. அதனை எழுதியவர் டேவ் பிளம்மர் என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர். ஏனைய நிரல்களெல்லாம் தளர்ந்து விழுந்தபோதும் இஃதொன்று எழுந்து நிற்கவேண்டும் என்பதற்காக அதனை மிகச் சிறியதாகவும் உறுதியுடையதாகவும் அமைத்தனர். நோயாளி மயங்கிக் கிடக்கையில் மருத்துவனும் உடன் மயங்கின் யாது பயன்?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிராசஸர், நினைவகம், வட்டு, வலையமைப்பு என நான்கு நிரல்களில் எவ்வேலை எவ்வளவு உண்கின்றது என்பது அதிற் காணப்படும். நிரலின் தலைப்பைச் சொடுக்கினால் மிகுதியாய் உண்பது மேலே வரும். இவ்வளவே முதற்பாடம். இதனைக் கற்க ஐந்து நிமிடம் போதும்.

கற்றபின் பிறக்கும் மயக்கங்களே பெரிய. விவரப் பகுதியிற் சென்று பார்ப்பார்க்கு, 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' என ஒன்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உழைப்பை விழுங்குவது போலத் தோன்றும். இதுவே திருடன் என்றெண்ணி இதனைக் கொல்ல முயன்றாரும் உளர். உண்மையில் அது பிராசஸர் வேலையின்றிச் சும்மாவிருக்கும் நேரத்தின் கணக்கு. அவ்வெண் பெரிதாயிருத்தல் நலமே. இவ்வாறே 'எஸ்விசிஹோஸ்ட்' என்னும் பெயர் பத்துப் பன்னிரண்டு முறை வரக் கண்டு, நச்சு நிரல் புகுந்துவிட்டதென்று அஞ்சுவர். அது விண்டோஸ் தன் பின்னணிப் பணிகளை ஏற்றி வைக்கும் வாகனமே. பெயர்களை இவ்வளவு இருண்மையாக வைத்தது இயற்றியோர் குற்றமென்றே சொல்வேன். எளிய பெயர் இடுவதற்கு எந்தப் பொருளாதார முட்டுப்பாடும் இல்லையன்றோ?

எல்லாவற்றினும் மிகுந்த மயக்கம் நினைவகத்தைப் பற்றியதே. இதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றேன். ஏனெனில் வணிகர் நம்மை ஏமாற்றும் வாயில் பெரும்பாலும் இதுவாகவே இருக்கின்றது. நூலகத்திற் படிக்கும் மேசையை நினைவகமென்றும், பின்னறையில் நூலடுக்கிய நிலைப்பேழைகளை வட்டென்றும் கொள்க. கையிலெடுத்த நூலைப் படித்து முடித்தவுடன் பேழைக்கு அனுப்பாமல், மேசையில் இடமுள்ளவரை அங்கேயே வைத்திருப்பவன் அறிவுடைய நூலகப் பணியாளன். மீண்டும் கேட்டால் உடனே தரலாமன்றோ? புதியவர் வந்து இடங் கேட்டால் அப்போது அகற்றிக் கொள்ளலாம். இன்றைய இயங்குதளங்கள் யாவும் இவ்வாறே செய்கின்றன. 2007-இல் பரவிய விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸ், நாம் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்னறிந்தே நினைவகத்தில் ஏற்றி வைக்கின்றது. ஆதலின் நினைவகம் பாதிக்குமேல் நிறைந்திருக்கக் கண்டு கவலுதல் வீண். வெறுமையாய்க் கிடக்கும் நினைவகம் வாடகை கொடுத்துப் பூட்டிவைத்த வீடு.

அஞ்சவேண்டிய நிலை வேறு. மேசை முழுதும் உண்மையாகவே வேண்டப்படும் நூல்களால் நிறைந்து, ஒன்றை எடுக்க மற்றொன்றைப் பேழைக்கு ஓட்டமாய்க் கொண்டுபோய், அதை மறுகணமே திரும்பக் கொணர வேண்டியதாயின், பணியாளன் நாள் முழுதும் நடப்பானே யன்றி ஒரு நூலும் படிக்கப்படாது. நினைவகத்தையும் வட்டையும் இங்ஙனம் ஒன்றாய்ப் பாவிக்கும் முறையை 1962-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து அட்லஸ் கணினி நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதனால் விளையக்கூடிய இத்திணறலின் காரணத்தையும் தடுக்கும் வழியையும் 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதினார். ஒரு நிரலுக்கு அவ்வேளையில் மெய்யாய் வேண்டும் பக்கங்களின் தொகுதிக்கு அவர் இட்ட 'வர்க்கிங் செட்' என்னும் பெயர் இன்றும் நம் ரிசோர்ஸ் மானிட்டரில் ஒரு நிரலின் தலைப்பாக நிற்கின்றது. அதனருகே 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்றொரு கணக்கும் உண்டு. பணியாளன் பேழைக்கு எத்தனை முறை ஓடினான் என்பதே அது. நினைவகம் நிறைந்து, அவ்வெண்ணும் ஓயாது உயர்ந்தே நிற்குமாயின், அப்போது நினைவகம் போதாது என்று துணியலாம். நிறைவு மட்டுங் கொண்டு துணிதல் தவறு.

இம்மயக்கத்தை முதலாக்கி வாணிகம் செய்தோர் வரலாறு ஒன்றுண்டு. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிங்க்ரோனிஸ் என்னுங் கம்பெனியார் 'சாஃப்ட்ராம் 95' என்றொரு மென்பொருளை விற்றனர். நினைவகத்தைச் சுருக்கி இருமடங்காக்கித் தரும் என்பது அவர்தம் விளம்பரம். நினைவகம் பொன்விலை விற்ற காலமாதலின் மக்கள் விரும்பி வாங்கினர். மார்க் ருஸ்ஸினோவிச் முதலிய பொறியாளர் சிலர் அதனை அக்கக்காய்ப் பிரித்து நோக்கினர். விளம்பரஞ் செய்த சுருக்கும் வேலையை அது செய்யவேயில்லை என்பது வெளியாயிற்று. 1996-இல் அமெரிக்க அரசின் வாணிகக் கண்காணிப்புக் குழுவினர் தலையிட்டனர். இதிற் சுவையான செய்தி பின்னர் நிகழ்ந்தது. அந்த ருஸ்ஸினோவிச் தோற்றுவித்த சிஸ்இன்டர்னல்ஸ் நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. அவர் இயற்றிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்னும் நுண்ணிய கருவி இன்றும் விலையின்றியே கிடைக்கின்றது. நினைவகத்தை மெய்யாகச் சுருக்கும் முறையோ 2013-இல் ஆப்பிள் கணினிகளிலும் 2015-இல் விண்டோஸ் 10 பதிப்பிலும் தானே அமைந்துவிட்டது. பணம் வாங்கியவர் தாராததை, கேளாமலே இயங்குதளம் தருகின்றது.

இன்னும் இவ்வகை மென்பொருள்களை நாடுவார்க்கு மற்றொன்றும் நினைவூட்டுவேன். துப்புரவு செய்யும் மென்பொருளென்று பெயர்பெற்ற சிக்ளீனரின் ஒரு பதிப்பில், 2017-ஆம் ஆண்டில், இயற்றியோரும் அறியாமற் பகைவர் நச்சு நிரலைப் புகுத்திவிட்டனர். முறையான முத்திரையோடே வெளிவந்த அப்பதிப்பு 22 இலட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளிற் சென்றடைந்தது. அம்மென்பொருள் தீயதென்று யான் கூறவில்லை. தேவையில்லாத ஒருவனை வீட்டினுள் அழைத்து எல்லா அறைகளின் திறவுகோலையும் கொடுத்தால், அவன் நல்லவனேயாயினும், அவன் பின்னே எவன் நுழைவான் என்பதை யாரறிவார்?

இனி, என் விடுதி நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுவேன். அவர் தந்தையார் நெசவுத் தொழிலாளி. தமக்கையார் பள்ளியிற் பெற்ற பழைய மடிக்கணினியே அவர் கைக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் இங்ஙனம் அண்ணன் தமக்கையரிடமிருந்து வழிவழி வந்த கணினிகள் நம் கல்லூரியிற் பலவுண்டு. நண்பரின் கணினி எழுந்து நிற்கப் பத்து நிமிடமாகும். ஒரு கடைக்காரர் அதனைத் திறந்தும் பாராமல், புதிது வாங்குவதே வழியென்று கூறி, தவணை முறையையும் எடுத்துரைத்தார். தந்தையார் கடன் கேட்கப் புறப்பட இருந்த நிலையில், நாங்கள் இருவரும் ஒரு மாலை டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். பிராசஸர் பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. நினைவகத்திலும் இடமிருந்தது. வட்டு மட்டும் 100 விழுக்காட்டிற் செங்குத்தாய் நின்றது. எவ்வளவு நேரங் காத்திருந்தும் அது இறங்கவில்லை.

அவ்வட்டு சுழலும் பழைய வகையைச் சேர்ந்தது. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுற்றிவர 11 மில்லி விநாடி கொள்ளும். முள் இடம்பெயரும் நேரமும் அதனோடு சேரும். ஆதலின் விநாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்கட்கு மேல் அதனால் தாவித் தேடவியலாது. பத்தாண்டுகட்கு முன் அது போதுமாயிருந்தது. இன்றைய இயங்குதளமோ எழுந்தவுடனே பல்லாயிரஞ் சிறு கோப்புகளைக் கேட்கின்றது. சுழலும் உறுப்பில்லாத எஸ்எஸ்டி என்னும் திண்மநிலை வட்டு, விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களை எட்டவல்லது. பழைய வட்டைக் கழற்றி இதனைப் பொருத்தியதற்குச் செலவு, கடைக்காரர் காட்டிய புதிய கணினியின் விலையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. இப்போது அக்கணினி ஒரு நிமிடத்திற்குள் எழுகின்றது. அவர் தந்தையார் கடன் வாங்கவில்லை. இங்கே யாம் செய்த வித்தை எதுவுமில்லை. எந்த எண் உயர்ந்திருக்கின்றது என்று நோக்கினோம், அவ்வளவே.

மற்றப் பகுதிகளைச் சுருங்கக் கூறுவேன். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஸ்டார்ட்அப்' என்றொரு பகுதி டாஸ்க் மேனேஜரிற் சேர்ந்துள்ளது. கணினி எழும்போதே அழையாமல் உடனெழும் நிரல்களின் பெயரும், அவை தரும் சுமையும் அங்கே உண்டு. எழுகையில் ஒரு விநாடிக்கு மேற்பட்டுப் பிராசஸரையோ, 3 மெகாபைட்டுக்கு மேற்பட்டு வட்டையோ கொள்வதெனின் 'மிகுதி' என்று குறிக்கப்படும். அவற்றுள் வேண்டாதனவற்றை அங்கேயே நிறுத்தலாம். நிரல் அழியாது, தானாக எழாது. பிராசஸர்ப் பக்கத்தில் அதன் அடிப்படை வேகமும் அவ்வேளை வேகமும் காட்டப்படும். வேலை மிகுந்திருக்கும்போதும் வேகம் அடிப்படையினும் மிகத் தாழ்ந்தே நிற்குமாயின், மின்சிக்கன அமைப்பையும் விசிறியின் தூசியையும் ஐயுறுக. தூசிக்கு மென்பொருளிற் பரிகாரமில்லை. 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்பது நாள்தோறும் எந்நிரல் இடையில் வீழ்ந்தது என்பதைக் குறித்து, ஒன்று முதல் பத்துவரை மதிப்பெண்ணும் இடும். நாட்குறிப்பு எழுதாத நமக்காக அது எழுதுகின்றது. 'முந்தின வாரம் வரை நன்றாயிருந்ததே' என்று சொல்பவர்க்கு அதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை.

இவற்றையெல்லாம் எல்லாருங் கற்றல் கூடாது, தீங்கு விளையும் என்பாரும் உளர். அறியாதார் கையில் இக்கருவி அகப்பட்டால் இன்றியமையாத நிரலை நிறுத்திக் கணினியை வீழ்த்திவிடுவர் என்பது அவர் கூற்று. இதில் ஓரளவு உண்மையுண்டு. அடிப்படை நிரல்களுட் சிலவற்றை வலிந்து நிறுத்தினால் நீலத்திரை தோன்றிக் கணினி உடனே வீழும். ஆனால் மீண்டும் எழுப்பினால் அவை மீண்டும் வரும்; இழப்பது, சேமியாத எழுத்து மட்டுமே. முன்பின் அறியாத மென்பொருளை நிறுவுவதால் விளையுங் கேட்டோடு ஒப்பிட்டால் இது சிறிதே. அன்றியும், பார்ப்பது வேறு, நிறுத்துவது வேறு. முதற் சில திங்கள் பார்க்க மட்டுமே செய்வோமாயின் யாருக்கு என்ன குறைவு? கணினி நன்றாயிருக்கும் நாளில் எண்கள் எப்படியிருக்கும் என்றறியாதவன், நோயுற்ற நாளில் அவற்றைக் கண்டு எதனை உணர்வான்?

இக்கருவிகளால் ஆகாதனவும் உண்டு என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 பதிப்பிற்குரிய பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பல பழைய கணினிகளில் இல்லை. எண்கள் எல்லாம் தாழ்ந்து, கணினி மானெனத் துள்ளினும், அதற்குப் புதிய காப்புத் திருத்தங்கள் வாராமற் போகலாம். விரைவு குன்றாத யந்திரத்தையும் தள்ளிவிடச் செய்யும் இம்முடிவைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அத்தகைய கணினியில் லினக்ஸை ஏற்றிக் கொள்ளலாம். முற்கூறிய 'டாப்' அங்கே காத்திருக்கின்றது. எனினும் அவ்வழி எல்லார்க்கும் எளிதன்று.

இன்னொரு தடையும் கேட்டிருக்கின்றேன். 'கணினியை வாங்கினோம், அது ஓடவேண்டும். உள்ளே பார்ப்பது எம் வேலையன்று' என்பது. மிதிவண்டி வைத்திருக்கும் நம் விடுதி மாணவர் எவரும் இங்ஙனம் பேசக் கேட்டிலேன். சக்கரம் சுழலவில்லையெனின், காற்றோ சங்கிலியோ என்று முதலிற் குனிந்து பார்த்துவிட்டன்றோ கடைக்குத் தள்ளிச் செல்கின்றோம்? பார்த்துவிட்டுச் செல்பவனிடம் கடைக்காரர் ஒருவாறும், பாராது செல்பவனிடம் வேறொருவாறும் பேசுவதை யாவரும் அறிவர். 'வட்டு நூறில் நிற்கின்றது, நினைவகத்தில் இடமிருக்கின்றது' என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழையும் மாணவனிடம் புதிய கணினியை விற்பது அத்துணை எளிதாயிராது.

நம் கணினி ஆய்வகத்தில் முதலாண்டு மாணாக்கர் அனைவர்க்கும், எப்பாடத்தை எடுத்தவராயினும், எழுத்தச்சுப் பழக்கம் கற்பிக்கின்றார்கள். அதனோடு ஒரேயொரு மணி நேரம் இக்கருவிகட்கும் ஒதுக்கலாம். விரிவுரை வேண்டா. ஆய்வகக் கணினிகளுள் ஒன்றில் வேண்டுமென்றே பல நிரல்களை ஓடவிட்டு, எது காரணமென்று மாணாக்கரையே கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். ஆங்கிலப் பெயர்கட்கு ஒரு பக்க அளவில் தமிழ் விளக்கம் எழுதித் தரத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் சிலர் இசைந்துள்ளோம். வரும் ஜூன் திங்கள் வகுப்புகள் தொடங்குமுன் அதனை ஆய்வகப் பொறுப்பாளர் கையிற் சேர்ப்போம்.